மேகத்துக்கு அடியில் ஒரு குட்டை

ஜாசின்
8 மார்ச் 2025

அன்புள்ள தம்புசாமி அண்ணாவுக்கு,

தங்கை கோமளாவின் வணக்கம். நானும் திவ்யாவும் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? போன மாதம் தபாலில் போட்ட தைலம் லஹாட் டத்து வரை வந்து, அங்கிருந்து உங்கள் தோட்டத்து லோரியைப் பிடித்து உங்களிடம் சேர்ந்ததா என்று எழுதுங்கள்.

இங்கே புதுச் செய்தி ஒன்று. சனிக்கிழமைகளில் நியாலாஸ் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன். செயற்கை நுண்ணறிவு. சிரிக்காதீர்கள். கணக்கு டீச்சருக்கு இது எதற்கு என்று ஹெட்மாஸ்டர் கேட்டது போதும். தஞ்சோங் கிளிங்கிலிருந்து யுவனேஸ்வரன் என்று ஒரு தம்பி வருகிறார். தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் எஞ்சினியர். ஆறு லேப்டாப்பைத் தன் காடியின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்து இறக்குவார். பள்ளியில் படிவம் மூன்றிலிருந்து ஐந்து வரை படிக்கிற பதினான்கு பிள்ளைகள். நம் திவ்யதர்ஷினியும் அதில் ஒருத்தி. பதினாறு வயதாகிவிட்டது அண்ணா, என்னைவிட உயரம்.

வாயால் விளக்கினால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், விண்வெளிப் படத்தைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதலில் நிலா. நிலாவில் உள்ள பள்ளங்களைப் பிள்ளைகளே வட்டம் போட்டுக் காட்டினார்கள். இருநூறு பள்ளம் காட்டியதும், புதுப் படத்தில் மெஷின் தானாகவே வட்டம் போட்டது. அப்புறம் கிஷன் என்கிற குறும்புக்காரன் கல்லில் சுட்டுக் கருகல் புள்ளி விழுந்த ரொட்டி சானாய் படத்தைக் கொடுத்தான். அதிலும் ஒன்பது பள்ளம் கண்டுபிடித்தது! மண்டபமே சிரித்தது. "அதுக்குத் தெரியாதுன்னு சொல்லத் தெரியாது, தெரியாத இடத்துல தெரிஞ்சத போட்டு நிரப்பும்" என்று யுவனேஸ்வரன் சொன்னார். அதுதான் அன்றைய பாடம்.

மெஷின் போட்டதைப் பார்த்துப் பிள்ளைகள் பெரிய தாளில் வர்ணம் தீட்டுகிறார்கள். ஜூலைக் கடைசியில் கண்காட்சி. அடுத்து, வானத்திலிருந்து பூமியை எடுத்த படங்கள். பல பிள்ளைகளின் குடும்பம் நம் பழைய செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

நீங்கள் கடல் தாண்டிச் சபாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. உங்கள் பக்கம் போன் லைன் இல்லை என்கிறீர்கள், இருந்தால் திவ்யாவின் குரலையாவது கேட்பீர்கள். அவள் சில நாள் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கிறாள். மூன்று வயதில் பார்த்த முகம் நினைவில்லையாம். "சொல்லாமல் போய்விட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
கோமளா


லஹாட் டத்து உள்பகுதி, சபா
29 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி கோமளாவுக்கும் மருமக திவ்யாவுக்கும்,

அண்ணன் எழுதுறேன். தைலம் வந்துச்சி. முட்டி அப்படியேதான் இருக்கு, ஆனா வாசனை நல்லா இருக்கு. உனக்கு அந்த ஒத்தத் தலைவலி இன்னும் வருதா? வெயில்ல குடை இல்லாம போகாதே.

உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன். இங்க கூட வேலை செய்யிற ஜாவாக்காரன்கிட்ட ரொட்டி சானாய் கதையச் சொன்னேன். அவன் சிரிச்சி சிரிச்சி டீயக் கொட்டிட்டான். நம்ம வீட்டுல ஒரு டீச்சர்னு அம்மா சாகிற வரைக்கும் பெருமை பேசுவாங்க. இப்ப நிலாவையே பாடம் எடுக்கிறியே!

இங்க மழை. செம்பனைக் குலை வெட்டு மந்தமா இருக்கு. ரோடு போடுற வேலை மட்டும் நிக்கல. நான் மண் தள்ளுற மெஷின்லதான் இருக்கேன்.

எல்லாம் சரி, தோட்டத்துப் படம் எதுக்கு? அங்க என்ன இருக்கு பார்க்க? வெறும் செம்பனை. பச்சையா இருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சனிகிரகம், வால்நட்சத்திரம் இப்படிக் காட்டு லா.

திவ்யா நல்லாப் படிக்கணும். அவ போட்டோ ஒண்ணு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன் தம்புசாமி


ஜாசின்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? மழையில் மெஷின் ஓட்டுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே தலைவலி ஒரு வாரமாக இல்லை. திவ்யாவுக்குக் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. போட்டோ இத்துடன்.

தோட்டத்துப் படம் வேண்டாம் என்றீர்கள். உங்கள் கடிதம் வருவதற்குள் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். 2014 முதல் போன வருடம் வரை எடுத்த படங்கள் அறுபத்துமூன்று கிடைத்தன. நம் ஊர் வானம் தெரியுமே, பாதிப் படத்தில் மேகம். அதனால் யுவனேஸ்வரன் ஒரு வேலை கொடுத்தார். மேகம் இல்லாத படங்களை மெஷினுக்குக் காட்டிப் பழக்குவது. பிறகு மேகம் மூடிய படத்தைக் கொடுத்து, "இதுக்கு அடியில என்ன இருக்கும்?" என்று கேட்பது.

நன்றாகத்தான் போட்டது. செம்பனை வரிசை, செம்மண் ரோடு, எல்லாம். ஆனால் நாம் இருந்த லைன் வீட்டுக்குப் பின்னால், ஏழாம் பிளாக்கில், ஒரு இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு நீள்சதுரம் போட்டது. திரும்ப ஓட்டினோம். திரும்பவும் போட்டது. பத்துத் தடவை. மேகம் எங்கே இருந்தாலும் சரி, அந்த இடத்தை மூடினால் அதே நீள்சதுரம்.

"இது தண்ணி டீச்சர். குட்டை" என்றாள் ஷாந்தினி. மெஷின் ஆற்றையும் அதே கறுப்பில்தான் போடும்.

எனக்குத் தெரியும், அங்கே குட்டை இருந்தது. மருந்து கலக்கத் தண்ணீர் எடுப்பார்கள். ஆனால் 2012 டிசம்பரில் நீங்கள்தானே அதை மூடினீர்கள். மெஷின் பார்த்த முதல் படமே 2014-இல் எடுத்தது. குட்டையை அது பார்த்ததே இல்லை.

யுவனேஸ்வரன் அரை மணி நேரம் யோசித்துவிட்டு, மூடிய மண்ணில் நட்ட செம்பனையின் பச்சை கொஞ்சம் வேறாக இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும் என்றார். பிள்ளைகள் திருப்தியாகிவிட்டார்கள். நான் மண்டபத்து வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பகல் பதினொரு மணி வெயில்.

அந்தக் குட்டையை ஏன் மூடச் சொன்னார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? திவ்யா கேட்கச் சொன்னாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

கோமளா


சபா
3 மே 2025

கோமளாவுக்கு,

நல்லா இருக்கேன். திவ்யா போட்டோ பார்த்தேன். அம்மா ஜாடை.

குட்டையப் பத்திக் கேட்டிருந்தே. புள்ளைங்க விழுந்துடும்னு மேனேஜர் மூடச் சொன்னாரு. மூடினேன். வேற ஒண்ணுமில்ல.

கடல் படம் எடுத்துக் கொடேன். உம்பாய் பக்கம் மீன் படகு, தஞ்சோங் கிளிங் கரை. மேலேருந்து பார்த்தா நல்லா இருக்கும். தோட்டத்த விட்டுடு.

உடம்பப் பாரு.

தம்புசாமி


ஜாசின்
17 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் ஐந்து வரி. முட்டிவலி அதிகமா, காய்ச்சலா? இங்கே எல்லோரும் சுகம்.

நீங்கள் சொன்னபடி கடலோரப் படங்களையும் எடுத்தோம். பாதிப் பிள்ளைகள் அதற்குப் போனார்கள். திவ்யா போகவில்லை. அவளுக்கு அந்தக் குட்டையை விட மனமில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். குட்டையின் கிழக்கு ஓரத்தில், வரப்புப் பக்கம், ஒரு சின்ன நீலப் புள்ளி. அரிசி அளவு. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அது அங்கேயே இருக்கிறது.

விண்மீன் கூட்டப் படங்களும் அதே மெஷினுக்குத்தான் காட்டியிருந்தோம். அந்த நீலம் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் யுவனேஸ்வரன். அந்தப் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, முதலிலிருந்து பழக்கினார். இரண்டு சனிக்கிழமை ஆனது. நீலம் போகவில்லை. "நீல ஜிங்க் கூரை நிறைய பார்த்திருக்கும் டீச்சர்" என்றார். ஆனால் அதற்கப்புறம் அந்தப் படத்தைத் திறக்கும்போது அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்கிறார்.

திவ்யா அதைப் பெரிய தாளில் வரைகிறாள். அவள் உயரம் இருக்கும். செம்பனையெல்லாம் பச்சைப் புள்ளிகளாக, நடுவில் கறுப்பு, ஓரத்தில் அந்த நீலம். நேற்று சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, அப்பாவோட காடி என்ன கலர்?"

நினைவில்லை என்று சொன்னேன்.

பதில் போடுங்கள்.

கோமளா


ஜாசின்
28 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு என்ன? தோட்டத்து ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காது என்பதால் எழுதவில்லை.

எனக்குத் தலைவலி திரும்பிவிட்டது. பள்ளியில் தேர்வுத் தாள் திருத்துகிறேன், அதனால் இருக்கும்.

திவ்யா கீழே ஏதோ எழுத வேண்டுமாம். நான் படிக்கவில்லை.

கோமளா

மாமா, நான் திவ்யதர்ஷினி. உங்களுக்கு என் வணக்கம். உங்க அட்ரஸ வெச்சி உங்க தோட்டத்தையும் மேலேருந்து தேடிப் பார்த்தேன். லைன் வீடு மூணு வரிசை, பக்கத்துல ஒரு ஃபுட்பால் பாடாங். பாடாங் ஓரத்துல ஒரு நீட்டு நிழல் விழுந்திருக்கு. யுவனேஸ் அண்ணன் அது போன் டவர்னு சொன்னாரு. 2017 படத்துலேயே இருக்கு. உங்களுக்கு லைன் இருக்கு மாமா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஏன் எங்ககிட்ட பேச மாட்டேங்கிறீங்க?


சபா
20 ஜூலை 2025

கோமளாவுக்கு,

உயிரோட இருக்கேன். கவலப்படாதே.

திவ்யா சொன்னது உண்ம. லைன் இருக்கு. ஏழெட்டு வருஷமா இருக்கு. உன் குரலக் கேட்டா என்னால சும்மா இருக்க முடியாது. அதனாலதான். அவகிட்டப் பொய் சொன்னதுக்கு மாமா மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.

கண்காட்சியில அந்தப் படத்த மாட்டாதே.

காடி கலர் உனக்கு நினைவில்லன்னு எழுதியிருந்தே. நினைவில்லாம இருக்காது. நீதானே அந்த நீலக் கஞ்சில் காடியக் கழுவிக் கழுவி வெப்பே.

தம்புசாமி


ஜாசின்
2 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நலமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வார்த்தை எழுத வரவில்லை.

படத்தை மாட்டினோம். திவ்யா மூன்று மாதம் உழைத்தது. நான் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

போன சனிக்கிழமை மண்டபம் நிறைய ஆட்கள். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த நிலா, சனிகிரகத்து வளையம், உம்பாய்ப் படகுகள். கிஷன் ரொட்டி சானாயை ஒரு கிரகமாக வரைந்து, சுற்றிலும் கறிக்குழம்பு மேகம் போட்டிருந்தான். எல்லோரும் அதன் முன்னால் நின்று போனில் படம் பிடித்தார்கள். திவ்யாவின் படத்துக்கு முன்னால் வந்தவர்கள் மட்டும் போனைக் கீழே இறக்கிவிட்டார்கள். கறுப்பு அத்தனை கறுப்பு. அதற்குள்ளிருந்து யாரோ நம்மை அண்ணாந்து பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

நம் தோட்டத்தில் வேலை மேய்த்த மண்டோர் மாயாண்டி வந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றார்.

"இது தம்பு மூடுன குட்டைதானே?" என்றார்.

"ஆமாம் மாமா."

"அன்னிக்குக் காலையில எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரோட்டுலேருந்து பார்த்தேன். வரப்பு மறைச்சிருந்துச்சி, மெஷின் தலதான் தெரிஞ்சிச்சி. வந்ததும் மெஷின நிறுத்திட்டான். அரை மணி நேரம் சத்தமே இல்ல. பழுது போலன்னு நெனச்சேன். அப்புறம் ஸ்டார்ட் பண்ணான் பாரு, சோத்துக்குக்கூட இறங்கல. சாயங்காலம் வரைக்கும் ஒரே மூச்சா தள்ளுனான். அந்தக் குட்டைக்கு அவ்வளவு மண்ணு தேவையே இல்லம்மா."

திவ்யா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

அண்ணா, அவள் அப்பா குணாளன் காணாமல் போன மறுநாள் காலை அது. நான் திவ்யாவைத் தூக்கிக்கொண்டு ஜாசினிலிருந்து உங்கள் லைன் வீட்டுக்கு ஓடி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் அடித்த வீக்கம்கூட என் முகத்தில் வடியவில்லை. இரண்டு மாதத்தில் நீங்கள் சபாவுக்குப் போனீர்கள். ஒரு தீபாவளிக்குக்கூட வரவில்லை.

அந்தக் குட்டையில் என்ன பார்த்தீர்கள்?

கோமளா


சபா
24 ஆகஸ்ட் 2025

தங்கச்சி கோமளாவுக்கு,

நீயும் புள்ளையும் நல்லா இருக்கணும். இத நாலு தடவ எழுதிக் கிழிச்சேன்.

முதல் நாள் சாயங்காலம் பேய் மழை. ஒர்க்‌ஷாப்புல மெஷின ரிப்பேர் பண்ணிட்டு எட்டு மணிக்கு வந்தேன். நீ ஒண்ணும் பேசல. திவ்யா தூங்கிட்டா. காலையில ஏழரைக்குக் குட்டைய மூடப் போனேன். மழ விட்டுடுச்சி, வெயில் வந்திருச்சி. கிழக்கு வரப்பு இடிஞ்சிருந்துச்சி. தண்ணியில நீலமா என்னமோ தெரிஞ்சிச்சி.

குணாளன் காடி. மூக்கு கீழ போயிருந்துச்சி. கூரையும் பின்கண்ணாடியும் மட்டும் தண்ணிக்கு மேல. உன்னத் தேடிக் குடிச்சிட்டு வந்திருக்கான், ரோடு தெரியாம உள்ள விட்டுட்டான்னு நெனச்சேன். செத்திருப்பான்னு நெனச்சேன்.

அப்பதான் கண்ணாடியப் பார்த்தேன். உள்பக்கம் ஆவி பிடிச்சிருந்துச்சி. மழையில காடிக்குள்ள ஆளுங்க இருந்தா பிடிக்குமே, அது மாதிரி. வெள்ளையா.

மெஷின நிறுத்தினேன். மண்டோர் சொன்னது சரி, அரை மணி நேரம் இருக்கும். இறங்கல. கூப்பிடல. கிட்டப் போய் ஒரு தட்டு தட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். சத்தம் எதுவும் வரல. ஒரு தவளகூடக் கத்தல. நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கிட்டிருந்தேன். உன் முகம் வீங்கிக் கெடந்தது ஞாபகம் வந்துச்சி. புள்ள உன் கழுத்தக் கட்டிக்கிட்டு விடாம இருந்தது ஞாபகம் வந்துச்சி.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணினேன்.

முதல் மண்ணு கண்ணாடி மேல விழுந்தப்ப உள்ளேருந்து யாரோ கை வெச்ச மாதிரி இருந்துச்சி. நெசமா, என் கண்ணு செஞ்சதான்னு தெரியல. பதிமூணு வருஷமா ஒவ்வொரு காலையும் அதத்தான் பார்க்கிறேன். இங்க கண்ணாடி வெச்ச மெஷின் கொடுத்தாங்க, வேணாம்னுட்டேன். மழையிலயும் வெயில்லயும் திறந்த மெஷின்லதான் உட்கார்றேன்.

இது உனக்காகச் செஞ்சதுன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். உன்ன நான் கேட்கல. நீ இந்தக் கடிதத்த வெச்சி என்ன செஞ்சாலும் சரி. நீ எப்பவும் எனக்குத் தங்கச்சிதான்.

தம்புசாமி


ஜாசின்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கிறேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. நிதானமாகப் படியுங்கள், கடைசி வரை.

உங்கள் கடிதத்தை ஒன்பது நாள் என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பத்தாம் நாள் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். கடிதத்தைக் காட்டவில்லை. திவ்யாவின் படத்தின் போட்டோவைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு தோண்டச் சொல்றீங்களா டீச்சர்?" என்று மலாயில் சிரித்தபடி கேட்டார். ஆனால் 2012-இல் நான் கொடுத்த புகார் இன்னும் இருந்தது. நீலக் கஞ்சில், ஆள் காணவில்லை, காடியும் காணவில்லை. அதைப் படித்துவிட்டு அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

ஏழாம் பிளாக்கில் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு நடக்கிறது. மெஷின் அங்கேயே இருந்ததால் மேனேஜரும் ஒத்துக்கொண்டார். செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. யுவனேஸ்வரன் படத்தில் உள்ள இடத்தை அளந்து, நான்கு குச்சி நட்டுக் கொடுத்தார். திவ்யாவை வர வேண்டாம் என்றேன். வந்தாள்.

காடி கிழக்குக் குச்சிக்கு நேர் கீழே இருந்தது அண்ணா. ஒரு முழம்கூடத் தள்ளவில்லை. முழுக்கத் துரு. கூரையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் மிச்சம்.

உள்ளே யாரும் இல்லை.

மண்ணையெல்லாம் அள்ளிச் சலித்துப் பார்த்தார்கள். ஒரு எலும்புகூட இல்லை. நான்கு கதவும் பூட்டியிருந்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. சாவி இல்லை. வரப்பில் நிறுத்தி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார், மழையில் வரப்பு இடிந்து காடி தானாகச் சரிந்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

நீங்கள் யாரையும் கொல்லவில்லை. வெறும் காடியைத்தான் மூடினீர்கள்.

இனி நான் யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். அன்று சாயங்காலம் நீங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது அவர் லைன் வீட்டுக்கு வந்தார். நடந்து வந்தார், தொப்பலாக நனைந்து. கதவைத் தட்டினார். உடைக்கவில்லை, கத்தவில்லை. "கோமளா, புள்ளைய ஒரு தடவ காட்டு. நான் போயிடறேன். இனிமே வர மாட்டேன்" என்றார். நான் திவ்யாவின் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் படியில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து போனார். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். குட்டைப் பக்கம் போகவில்லை. பஸ் ரோட்டுப் பக்கம் மழையில் நடந்து போனார்.

நீங்கள் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவீர்கள் என்று பயந்தேன். மறுநாளும் சொல்லவில்லை. பிறகு, பெற்ற பிள்ளையைக் காட்டாமல் அனுப்பியவள் என்று ஆகிவிடுமே என்று சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு அந்த நடை கண்ணில் வந்தது. ஆனாலும் திரும்பி வந்து காடியில் படுத்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம். அதனால்தான் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் எங்கே போனார் என்று இன்னும் தெரியவில்லை. போலீஸ் மறுபடியும் தேடுகிறது. திவ்யா காடியைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "அப்ப அப்பா எங்கம்மா?" என்றாள். இப்போதெல்லாம் பகலிலும் கேட்டைப் பூட்டிக்கொள்கிறேன். யாராவது கேட்டைத் தட்டினால் எழுந்து போக ஐந்து நிமிடம் ஆகிறது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்குப் பதிமூன்று வருடம் போயிருக்காது. என்னை மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிடுங்கள் அண்ணா.

கோமளா


சபா
26 அக்டோபர் 2025

என் தங்கச்சி கோமளாவுக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் கடிதம் வந்தன்னிக்கு வேலைக்குப் போகல. பாடாங்குல உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் படிச்சேன். ஜாவாக்காரன் சோறு கொண்டாந்து வெச்சான்.

உன் மேல எனக்குக் கோவம் இல்ல. நீ சொல்லியிருந்தா அரிவாள எடுத்துக்கிட்டுத்தான் போயிருப்பேன். அது உனக்கே தெரியும்.

யாரும் இல்லன்னு எழுதியிருக்கே. சந்தோஷப்படணும்னு பார்க்கிறேன், வரல. பூட்டுன காடிக்குள்ள ஆவி எப்படி வந்துச்சி? ஈரத்துல தானா வரும்னு சொல்வாங்க. வரலாம். அந்தக் கை மாதிரி தெரிஞ்சது? அதுக்கு யார்கிட்டக் கேட்கிறதுன்னு தெரியல. இன்னிக்குக் காலையிலயும் தெரிஞ்சிச்சி.

இருபத்தெட்டாம் தேதி லஹாட் டத்து போலீஸ்ல போய் நடந்தத நடந்தபடி சொல்றேன். அவங்க விட்டா நவம்பர் எட்டு, சனிக்கிழமை, மலாக்கா வந்து சேர்ந்துடுவேன். லைன் இருக்குன்னு போன் பண்ணலாம்தான். இது போன்ல பேசுற விஷயமில்ல.

கதவத் திறக்காத கதைய நான் வர்றதுக்கு முன்னாடியே திவ்யாகிட்ட நீயே சொல்லிடு. அவ அழுவா, உன்கிட்டப் பேச மாட்டா. இருந்தாலும் சொல்லிடு. எல்லாத்தையும் மேலேருந்து பார்க்கத் தெரிஞ்ச புள்ள, இதையும் கண்டுபிடிச்சிடுவா.

பஸ் ஸ்டேஷனுக்கு நீ வராதே, அவள மட்டும் அனுப்பு. என் பங்க நான் சொல்லணும். மாமா வெறும் காடியத்தான் மூடினாருன்னு நீ சொல்லி வெச்சிருப்பே. உன் அப்பன் உயிரோட உள்ள இருக்கான்னு நம்பித்தான் மாமா மண்ணத் தள்ளினேன்னு அவ முகத்தப் பார்த்துச் சொல்லப் போறேன்.

அதுக்கப்புறம் அவ என்னைய வீட்டுக்குக் கூப்பிட்டா வர்றேன்.

உன் அண்ணன்,
தம்புசாமி